பருத்திக்கொட்டை ஆட்டிய கை

எங்கள் மயிலைக்காளை பசுவை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வைக்கோல் தின்னப் போன அன்றைக்கு, ஊரே என் கையைப் பார்த்தது. காளையை ஒருத்தர் பார்க்கவில்லை. வாலைத் தூக்கி, அடியில் என்ன ஆகியிருக்கிறது என்று குனிந்து பார்க்க ஒரு ஆம்பிளைக்குத் தோன்றவில்லை. என் கையைத்தான் பார்த்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் முப்பிடாதி. பிறந்தது புதியம்புத்தூர். வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடுகிற ஊர். வாக்கப்பட்டது புதூருக்குக் கிழக்கே, மழை பெய்தால் செருப்போடு காலையும் சேர்த்து இழுத்துக்கொள்கிற கரிசல் காட்டில். என் வீட்டுக்காரர் பெயர் சோலைமுத்து. பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்த்த குடும்பம் எங்களுடையது. இருந்தாலும் சொல்கிறேன். இனிமேல் அதில் என்ன இருக்கிறது?

மானாவாரி நிலம். மழை பெய்தால் மக்காச்சோளம், உளுந்து. பெய்யாவிட்டால் மயிலைதான் எங்களுக்குச் சோறு போடும். அது பொலிகாளை. சுற்றுப்பட்டியில் எந்தப் பசு பருவத்துக்கு வந்து கத்தினாலும் எங்கள் வீட்டுக்குத்தான் பிடித்து வருவார்கள். ஆஸ்பத்திரியில் சினை ஊசி போடுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊசிக்கு நிற்காத பசுகூட மயிலையிடம் வந்தால் நின்றுவிடும் என்று அதற்கு ஒரு பேர் இருந்தது. கன்று ஈன்றதும் முதல் சீம்பாலில் ஒரு செம்பு காளை வீட்டுக்கு வந்துவிடும். அது எங்கள் பக்கத்து வழக்கம்.

அந்தச் செம்பை நான் வாங்கக் கூடாது. என் மாமியார் அழகுத்தாய்தான் வாங்குவாள். பிள்ளை பெறாத கை வாங்கினால் பசுவுக்குப் பால் வற்றிவிடுமாம். ஆனால் விடிந்தால் காளைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டுவது யார்? நான். புண்ணாக்கு ஊறவைத்து, உளுந்தம்பொட்டு பிசைந்து, கொட்டாங்கச்சியால் தேய்த்துக் குளிப்பாட்டி, உண்ணி பிடுங்குவது யார்? நான்தான். ஆட்டுவதற்கு என் கை ஆகும். வாங்குவதற்கு ஆகாது.

பிள்ளை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எனக்கு எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை என்றாள். "இனி இவங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கணும்" என்று அவரைப் பார்த்துச் சொன்னதுதான் தாமதம், மனுஷர் எழுந்து வெளியே போய்விட்டார். தேடிப் பிடித்தால், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் புரோட்டா பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றித் தின்றுகொண்டிருக்கிறார். "ஆம்பிளைக்கு என்னட்டி டெஸ்ட்டு? கேவலமா இருக்கு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் மட்டும் மலடியாக வீடு திரும்பினேன்.

போன வருஷம் ஆனி மாசத்தில் ஊருக்கு ஒரு கம்பெனி வந்தது. வெளியூருக்குக் கறி அனுப்புகிற கம்பெனியாம். காளைக்கன்றுகளுக்கு ஒரு ஊசி போட்டு, வளர்த்தி எப்படி, கறி எப்படி என்று பார்க்கப்போகிறார்களாம். ஊசி போட்ட கன்றுக்கு அடர்தீவனம் மூட்டை மூட்டையாகச் சும்மா. கடைசியில் கன்றையும் அவர்களே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். லிங்கராஜ் என்று ஒரு பையன், கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் மைக் வைத்துப் பேசினானாம். நான் அப்போது தங்கச்சி வளைகாப்புக்குப் பிறந்த ஊர் போயிருந்தேன். அங்கே எனக்கு வளையல் போட இடமில்லை, சமையல்கட்டில் தேங்காய் துருவ இடமிருந்தது. அதை விடுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஊசி என்றால் சத்து. தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிக்க மாட்டார்கள். அதுவும் சும்மா போடுகிற ஊசி, மேலே தீவன மூட்டை வேறு. பக்கத்து வீட்டுப் பெருமாள்சாமி அண்ணாச்சி தன் காளைக்கன்றுகளை எல்லாம் கொண்டுபோய் நிறுத்தினார். ஊரில் அதற்கு வளர்த்தி ஊசி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் ஊருக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டிலும் இரண்டு தீவன மூட்டை இருந்தது. "பெருமாள்சாமி அண்ணாச்சி கொடுத்தாவ. அவிய வீட்டுல வைக்க எடம் இல்லையாம்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் நம்பினேன். ஆடியில் ஒரு நாள், "மயிலைய ஊருணிக்குக் கூட்டிட்டுப் போயி தண்ணி காட்டிட்டு வாரேன்" என்று பிடித்துக்கொண்டு போனார். தொழுவத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் கிடக்கிறது, இவருக்கு என்ன திடீர்க் கரிசனம் என்று நினைத்தேன். மறுநாள் குளிப்பாட்டும்போது மயிலையின் கழுத்தில் எலுமிச்சங்காய் பருமனுக்கு ஒரு கட்டி. தொட்டால் தலையைச் சிலுப்பியது. "கருவமுள்ளு குத்தியிருக்கும்ட்டி. மஞ்சளும் சுண்ணாம்பும் கொழப்பிப் போடு" என்றார். கொழப்பிப் போட்டேன்.

ஆவணி கழியவும் காளைக்கு ஏதோ ஆகிவிட்டது. பசு வாடை அடித்தாலே கயிற்றை அறுத்துக்கொண்டு நிற்கிற மாடு, இப்போது அசைபோட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தது. நன்றாகத் தின்றது. முதுகு அகன்று, பிட்டியில் சதை உருண்டது. ஆனால் அந்தக் கண்ணில் இருந்த திமிர் போய்விட்டது. குளிப்பாட்டும்போது பார்த்தேன், விதைப்பை சுருங்கிக் கிடந்தது. மாமியாரிடம் சொன்னேன். "பொம்பளை பாக்குற எடமாட்டி அது? வெக்கம் கெட்டவளே" என்று என்னையே வைதாள்.

புரட்டாசியில்தான் பெருமாள்சாமி அண்ணாச்சி தன் செவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். மயிலை மோந்தது, தலையைத் திருப்பியது, வைக்கோலுக்குப் போனது. அதட்டினார்கள், வாலை முறுக்கினார்கள், பசுவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். ஊஹூம். அடுத்து வந்த பசுவுக்கும் அதே கதைதான்.

"காளைக்குத் தீனி வைக்கிறது யாரு?" என்று கூட்டத்தில் ஒரு பொம்பளை கேட்டாள். அவ்வளவுதான். எல்லாக் கண்ணும் என் கைக்கு வந்தன. கையில் அப்போதுதான் ஆட்டி வழித்த பருத்திக்கொட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"நானும் வாயத் தொறக்காமத்தான் இருந்தேன்" என்று என் மாமியார் ஆரம்பித்தாள். "வெளங்காத கையி. தொட்டுத் தொட்டு வாயில்லாச் சீவனையும் தன்னைய மாதிரி ஆக்கிட்டா பாத்தீங்களா?"

இத்தனை வருஷம் மயிலை பசுவைச் சினைப்படுத்தினபோதெல்லாம் அது காளையின் வீரம், அழகுத்தாய் வீட்டு அதிர்ஷ்டம். அன்றைக்கும் இதே கைதானே ஆட்டி வைத்தது? அப்போது என் கைராசி என்று ஒரு நாய் சொல்லவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். மழைக்கு அறிகுறி பார்க்கிறாராம்!

அன்றிலிருந்து நான் தொழுவத்துக்குள் நுழையக் கூடாது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மயிலையைப் பார்ப்பேன். அது என்னைப் பார்த்து 'ம்மா' என்னும். எனக்கு அழுகை வரும். அதைவிடக் கோபம் வரும்.

ஒரு நாள் பெருமாள்சாமி அண்ணாச்சியின் கன்றுகள் ஓடையோரம் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றன் மேல் ஒன்று தாவிக்கொண்டு முட்டித் திரிகிற வயசு. எல்லாம் சாது மாதிரி நின்றன. கிட்டே போய்ப் பார்த்தேன். கழுத்தில் அதே கட்டி, சிலதுக்கு வற்றி, சிலதுக்கு இன்னும் லேசாக. பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். அதே சுருக்கம்.

"என்ன அண்ணாச்சி, கன்னுக இம்புட்டு சாதுவா நிக்கி?" என்றேன்.

"வளத்தி ஊசி போட்டுருக்குல்லா தாயி? திங்கிறது பூராம் ஒடம்புல ஒட்டுது பாரு. ஒங்க மயிலைக்கும்தான் போட்டாவளே. என் கன்னு ஒண்ணு பாம்பு கடிச்சுச் செத்துட்டு. கம்பெனிக் கணக்குக்கு ஒரு தலை கொறையுதுன்னு அந்தப் பையன் தவிச்சான். சோலைமுத்துதான் எங்க காளைக்குப் போடுன்னு பிடிச்சிட்டு வந்தான். ரெண்டாவது ஊசிக்கும் வந்தானே" என்றார், வெள்ளந்தியாக.

நேரே மக்காச்சோளக் காட்டுக்கு ஓடினேன். அவர் பன்றிக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தார்.

"மயிலைக்கு ஊசி போட்டீங்களா?"

கையில் இருந்த கம்பி நழுவியது. முதலில் இல்லையென்றார். கழுத்துக் கட்டியைச் சொன்னேன், ஊருணியைச் சொன்னேன், வீட்டில் கிடந்த மூட்டையைச் சொன்னேன். அப்படியே வரப்பில் குத்தவைத்துவிட்டார்.

"வளத்தி ஊசின்னாவட்டி. கன்னுக்கே அம்புட்டு வளத்தின்னா காளை எப்படி வரும்னு நெனச்சேன். பெருசா வந்தா இன்னும் நாலு ஊரு பசு வரும்லா? கெடுக்கணும்னா போட்டேன்?"

"வந்து அத்தைகிட்டச் சொல்லுங்க."

"ஐயோ, அம்மாட்டயா? பொலிகாளையக் காயடிச்ச பயன்னு ஊரே சிரிக்கும்ட்டி. டீக்கடையில உக்கார முடியுமா?"

"என்னைய மலடிங்காவளே, அது பரவாயில்லையா?"

"அது... புதுசாவா சொல்லுதாவ?" என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குற்றம்கூட இல்லை. நியாயம் பேசுகிற முகம். அங்கேயே ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து மண்டையில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

மறுநாள் புதூருக்குப் போய், சந்தை ரோட்டில் டீக் குடித்துக்கொண்டிருந்த லிங்கராஜைப் பிடித்தேன். பையன் பயந்துவிட்டான். அழாத குறையாக விளக்கம் சொன்னான்.

"இது சத்து ஊசி இல்லக்கா. தடுப்பூசி மாதிரி. கோமாரிக்கு ஊசி போட்டா ஒடம்பு கோமாரிய எதுத்துச் சண்டை போடும்லா? இதப் போட்டா மாட்டோட ஒடம்பு, தன்னோட காளைச் சுரப்பையே எதுத்துச் சண்டை போடும். மொத ஊசி பழக்கிவிடும், ரெண்டாவது ஊசிதான் வேலையக் காட்டும். காளைத்தனம் அடங்கிரும். ஒண்ணையொண்ணு முட்டாது, ஓடித் திரியாது. கறி மெதுவா, கொழுப்போட இருக்கும். காயடிக்கிற வலி மாட்டுக்கு இல்ல. மைக்ல எல்லாத்தையும் சொன்னேன்க்கா, சத்தியமா. மூட்டை எப்ப எறக்குவீங்கன்னுதான் எல்லாரும் கேட்டாவ."

"எங்க காளை பொலிகாளைன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தலை ஒண்ணு கொறஞ்சது. அண்ணன் கொண்டாந்து நிறுத்தினாவ. போட்டுட்டேன்." தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, ஒரு சின்ன விஷயம் போலச் சொன்னான். "ஆனா இது நெரந்தரம் இல்லக்கா. மறுபடி ஊசி போடாம விட்டா ஆறேழு மாசத்துல ஒடம்பு மறந்துரும். காளை பழையபடி வந்துரும். கறிக்குப் போற மாட்ட அதுவரைக்கும் யாரு வச்சிருக்கா? அதான் யாரும் அதப் பத்திப் பேசுததில்ல."

"எங்க வீட்டுக்கு வந்து இத ஒரு தடவ சொல்லிட்டுப் போ."

"வேலை போயிரும்க்கா" என்றான். அடுத்த வாரம் கம்பெனி கன்றுகளை ஏற்றிக்கொண்டு போனது. அவனும் அதோடு போய்விட்டான். அப்புறம் நான் எத்தனை தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவே இல்லை.

மறந்துரும். அந்த ஒரு சொல்லை இடுப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அவரிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது மனுஷருக்கு. "பெறகு என்னட்டி! சரியாவட்டும், நானே அம்மாட்டச் சொல்லிருதேன். இப்பச் சொன்னா வீடு ரெண்டாயிரும். காளை நல்லாயிட்டுன்னா, சிரிச்சிட்டுப் போயிருவாவ. ஒன் மேல சத்தியம்" என்று என் தலையில் அடித்தார். அதிலும் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. இருந்துவிட்டுப் போகிறது, மாசி வரைக்கும் பல்லைக் கடிப்போம் என்று நினைத்தேன்.

கார்த்திகையில் மாமியார் மாட்டுத் தரகன் உக்கிரபாண்டியை வரச் சொல்லிவிட்டாள். அவன் மயிலையின் முதுகைத் தட்டி, பிட்டிச் சதையை அமுக்கிப் பார்த்து, "அருமையா ஏறியிருக்கு ஆத்தா. கேரளாவுக்கு ஏத்திருவோம்" என்றான். அடிமாட்டு லாரி வெள்ளிக்கிழமை வருமாம். எனக்கு உயிர் போய்விட்டது. தடையை மீறித் தொழுவத்துக்குள் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"காளைய விக்காதீங்க அத்த. மாசியில சரியாயிரும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன குறி சொல்லுதவளா?"

அவரைப் பார்த்தேன். அவர் கயிற்றைப் பார்த்தார். அந்தச் சத்தியம் என் தலையில் கிடந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி. ஒரு கணக்குக்கு வருவோம். நீ கெளம்பி ஒங்கம்மா வீட்டுக்குப் போ. ஒன் கை படாம, ஒன் மூச்சுப் படாம இருந்தா காளை தேறுதான்னு மாசி வரைக்கும் பாப்போம். தேறலன்னா லாரி. தேறிட்டுன்னா யாரு தோசம்னு ஊருக்கே வெளங்கிப்போவும். எங்க அண்ணன் மக செல்வமாரி கல்யாணம் ஆகாம வீட்டோடதான் இருக்கா. நான் கேட்டா இவனுக்குக் குடுப்பாவ."

எனக்குப் புரியாமல் இல்லை. நான் இருந்தாலும் காளை தேறும், போனாலும் தேறும். ஆனால் நான் போய், அது தேறினால், நான்தான் தோஷம் என்று முடிவாகிவிடும். போகாவிட்டால் வெள்ளிக்கிழமை அதன் கழுத்துக்குக் கத்தி. ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டும் பிழைக்கும். அவர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே, போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மயிலை என் முழங்கையை நக்கியது. நான் பெட்டியைக் கட்டினேன்.

பிறந்த ஊரில் பழைய மிஷினில் உட்கார்ந்தேன். கைக்குழந்தைச் சட்டைக்கு ஆர்டர் வந்திருந்தது. மார்கழியும் தையும் தைத்தேன். தைத்த சட்டையை எல்லாம் போட்டுவிட்டால் ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்குக் காணும். பக்கத்து மிஷின்காரி ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன். அம்மா மட்டும், "எப்ப கூப்பிடுதாவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மாசியில், என்றேன்.

மாசியில் போன் வந்தது. "ஏட்டி! மயிலை ஏறிட்டுட்டி! புலி மாதிரி ஏறிச்சு!" என்று கத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிஜமாகவே சந்தோஷம். அந்த மாடு பிழைத்துவிட்டதே!

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லுதேன், சொல்லுதேன். செவ்வாக்கிழம அம்மன் கோயில்ல பொங்க வைக்காவ. அது முடியட்டும்."

அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நானே பஸ் ஏறினேன்.

போனால் வீட்டு வாசலில் கூட்டம். கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு வந்து, எல்லோருக்கும் இலையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மயிலைக்குக் கொம்பில் பட்டுத் துணி, கழுத்தில் சம்பங்கி மாலை, அதற்கடியில் கோயிலில் முடிந்த மஞ்சள் காப்புக் கயிறு. நிமிர்ந்து நின்றது ராசா. பெருமாள்சாமி அண்ணாச்சி மறுபடியும் செவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தது என் வீட்டுக்காரர். ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தவள் செல்வமாரி. புதுச் சேலை.

"அங்கனயே நில்லு!" என்று மாமியார் கத்தினாள். "காளை கண்ணுல படாத. இப்பத்தான் தேறியிருக்கு."

நான் அவரைப் பார்த்தேன். கூட்டமே அவரைப் பார்த்தது.

"சொல்லுங்க" என்றேன்.

"என்னத்தச் சொல்ல?" என்றார்.

இத்தனை நேரம் 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். போதும். சோலைமுத்து. அந்தச் சோலைமுத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பொங்கல் ஒட்டிய உதட்டோடு, என்னத்தச் சொல்ல என்று கேட்டான்.

நானே சொன்னேன். ஊருணிக்குக் கூட்டிப்போனது, இரண்டு ஊசி, கழுத்துக் கட்டி, லிங்கராஜ், ஆறேழு மாசம், எல்லாவற்றையும் தொண்டை கிழியச் சொன்னேன். பெருமாள்சாமி அண்ணாச்சிதான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். நல்ல மனுஷர். பொய் சொல்லத் தெரியாதவர்.

"ஊசி போட்டது நெசந்தான் தாயி. என் கன்னுக்கும்தான் போட்டாவ. வளத்தியாத்தானே வந்துச்சு, ஒரு கொறையும் இல்லையே. ஊசியால காளை கெட்டுப்போனா அது எப்படித் தானா நல்லாவும்? நீ போன பெறகுதானே நல்லாச்சு?"

அவருடைய கன்றுகள் கறியாகி எத்தனையோ மாசம் ஆகிவிட்டது. இருந்திருந்தால் அவையும் இந்நேரம் தாவிக் குதித்துக்கொண்டு எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும். இப்போது சாட்சி இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை. நேரே ஆட்டுக்கல்லுக்குப் போனேன். செல்வமாரி பயந்து எழுந்துவிட்டாள். கை நிறையப் பருத்திக்கொட்டையை வழித்து எடுத்து மயிலையின் வாய்க்கு நீட்டினேன். கூட்டத்தில் ஐயையோ என்று சத்தம். மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். மயிலை என் கையை வழித்து நக்கியது. விரலிடுக்கு வரைக்கும் நக்கியது. அதன் நெற்றியில், முதுகில், திமிலில் என் இரண்டு கையையும் போட்டுத் தேய்த்தேன்.

"இப்பப் பசுவ விடுங்க" என்றேன். "நான் இங்கனயேதான் நிப்பேன். இந்தக் கைக்குத் தோசம் இருந்தா இப்பத் தெரியட்டும்."

பெருமாள்சாமி அண்ணாச்சி பசுவின் கயிற்றைத் தளர்த்தினார். மயிலை ஒரு தரம் மோந்தது. அடுத்த நொடி புழுதி பறக்க ஏறியது. என் கைப் பருத்திக்கொட்டை அதன் வாயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பாடா என்று எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. எல்லார் முகத்தையும் பார்த்தேன். இனி என்ன சொல்வீர்கள்?

என் மாமியார் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். "ஆத்தா! மகமாயி! இம்புட்டுத் தோசம் பட்டும் காளையக் காப்பாத்திட்டியே தாயே! நேத்து முடிஞ்ச காப்புக்கு இன்னைக்கே பலனக் காட்டிட்டியே!"

கூட்டம் முழுக்கக் கும்பிட்டது. குலவை போட்டார்கள். பெருமாள்சாமி அண்ணாச்சியும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். அந்த ஊரில் காளையும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை, எங்கள் இரண்டு பேரையும் நம்ப மட்டும் ஆள் இல்லை.

நான் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினேன். செல்வமாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சின்னப் பெண். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? "ஆட்டுறதுக்கு முன்னால இவியள ஒரு தடவ கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போட்டி" என்றேன். "இல்லன்னா நாளைக்கு ஒன் கையத்தான் பாப்பாவ." அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். பின்னாலேயே சோலைமுத்து ஓடி வந்தான். கையில் கடம்பூர் போளிப் பொட்டலம். வீட்டு விசேஷத்துக்கு வாங்கியது போல.

"ஏட்டி, கோவப்படாத. எல்லாரு முன்னாலயும் எப்படிச் சொல்ல முடியும்? கொஞ்ச நாளு போவட்டும். அம்மா மனசு ஆறட்டும். நானே சொல்லி ஒன்னையக் கூட்டிட்டு வாரேன். இந்தா, ஒனக்குப் பிடிக்கும்லா, சாப்பிடு" என்று பொட்டலத்தை நீட்டினான்.

அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கோவில்பட்டியில் புரோட்டா தின்ற முகம், மக்காச்சோளக் காட்டில் நியாயம் பேசிய முகம், எல்லாம் இதே முகம்தான். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

"மயிலைக்கு ரெண்டு ஊசி போட வேண்டியிருந்துச்சு" என்றேன். "அதுவும் ஆறேழு மாசத்துல மாறிட்டு. ஒங்களுக்கு ஒரு ஊசியும் வேண்டியிருக்கல."

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கை நீட்டியபடியே நின்றது. பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, புதியம்புத்தூருக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.